வெண்கலத்தோடு நிற்க வேண்டாம்: ஜெட் சான்றிதழ், ஒரு சிறு தொழிற்சாலையின் கணக்கில்

லேத் பட்டறை, ஃபவுண்டரி, சாயப்பட்டறை, பிளாஸ்டிக் மோல்டிங் என்று எந்தத் தொழில் நடத்தினாலும், சரக்கு எடுக்கும் பெரிய கம்பெனியிடமிருந்து ஒரு கேள்வி வரத் தொடங்கியிருக்கிறது: "ஜெட் வாங்கிவிட்டீர்களா?" மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் தரும் சான்றிதழ் இது. 'ஜீரோ டிஃபெக்ட், ஜீரோ எஃபெக்ட்' என்பதன் சுருக்கம். பொருளில் குறை கூடாது, அதைச் செய்வதால் சுற்றுச்சூழலுக்குக் கேடும் கூடாது என்று பொருள். 2014 சுதந்திர தின உரையில் பிரதமர் சொன்ன தொடர் 2016ல் திட்டமாக வந்தது. அப்போது 50 அளவுகோல்களும் ஐந்து படிகளும் இருந்தன. இன்று நடப்பது 2022 ஏப்ரல் 28 அன்று மாற்றியமைக்கப்பட்ட வடிவம். இதில் 20 அளவுகோல்கள், மூன்று படிகள்: வெண்கலம், வெள்ளி, தங்கம்.

ஒரு சேவையாக இதை எடைபோட்டால் எங்கள் தீர்ப்பு இதுதான். வெண்கலம் ஏறக்குறைய இலவசம், வாங்குவதும் சுலபம், ஆனால் அதில் சுற்றுச்சூழலுக்கென்று எதுவுமே இல்லை. வெள்ளியில்தான் திட்டத்தின் பெயருக்குப் பொருள் வருகிறது. உண்மையில் காசு மிச்சமாவது, மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து பார்க்க அதோடு சேர்த்துச் செய்யும் மின்தணிக்கையில். மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது நல்ல திட்டம். வாசலில் பலகை மாட்டுவதோடு நிறுத்துபவருக்குப் பலகைதான் மிச்சம்.

வெண்கலத்தில் என்ன கேட்கிறார்கள்

ஐந்து அளவுகோல்கள். தலைமை, தூய்மையான பணியிடம், பணியிடப் பாதுகாப்பு, குறித்த நேரத்தில் சரக்கு அனுப்புவதை அளந்து வைத்தல், தர நிர்வாகம். ஆற்றல் நிர்வாகம் என்ற தலைப்பே இங்கே கிடையாது. சுற்றுச்சூழல் நிர்வாகமும் கிடையாது. இரண்டுமே வெள்ளியின் 14 அளவுகோல்களில்தான் முதன்முதலாக வருகின்றன. இயற்கை வளப் பாதுகாப்பும் வீணாவதைக் குறைப்பதும் இன்னும் தள்ளி, தங்கத்தின் 20ல் போய் உட்கார்ந்திருக்கின்றன.

ஆக, வெண்கலம் வைத்திருக்கும் ஒரு பட்டறை, வேஸ்ட் ஆயிலைப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தாலும் அந்த ஐந்து கேள்விகளில் எதுவும் அதை நேரடியாகப் பிடிக்காது. 'ஜீரோ எஃபெக்ட்' என்று பெயர் வைத்த திட்டத்தின் முதல் படி இப்படி இருப்பது பெரிய குறை என்றே நினைக்கிறோம். இரண்டே இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கலாம்: மாதம் எத்தனை யூனிட் மின்சாரம், வேஸ்ட் ஆயில் யாரிடம் போகிறது. இதற்கு எந்தப் பட்டறைக்காரருக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

கட்டணம்

வெண்கலம் 10,000 ரூபாய், வெள்ளி 40,000, தங்கம் 90,000. இதில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதம், சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீதம் மானியம். எனவே குறுந்தொழில் கட்ட வேண்டியது முறையே 2,000, 8,000, 18,000 ரூபாய். சிறுதொழிலுக்கு 4,000, 16,000, 36,000. பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு மேற்கொண்டு 10 சதவீதம் உண்டு. பெண்கள் உரிமையாளராக உள்ள தொழில்களுக்கு முழுக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாகப் பிறகு அறிவித்தார்கள். உறுதிமொழி எடுத்துச் சேர்ந்தவுடன் 10,000 ரூபாய் சேர்க்கை ஊக்கத்தொகையும் உண்டு. அது ரொக்கமாகக் கைக்கு வராது, கட்டணத்தில் கழியும். வெண்கலம் இலவசம் என்று சொல்வது இதனால்தான்.

குறு, சிறு என்ற வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். இயந்திர முதலீடு 2.5 கோடிக்குள்ளும் ஆண்டு விற்பனை 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில். 25 கோடி, 100 கோடி என்றால் சிறுதொழில். 125 கோடி, 500 கோடி என்றால் நடுத்தரம். பழைய வரம்பில் 'சிறு' என்று பதிவான பல பட்டறைகள் இன்று 'குறு'வில் வந்துவிடும். உத்யம் பதிவில் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வகை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பித்தால், வெள்ளிக் கட்டணத்தில் மட்டும் 8,000 ரூபாய் மிச்சம்.

விண்ணப்பம்: எங்கே சிக்கும்

வழி நேரானதுதான். உத்யம் எண்ணையும் அதில் பதிந்த கைபேசியையும் வைத்து ஜெட் தளத்தில் நுழைய வேண்டும். உறுதிமொழி, பதிவு, படியைத் தேர்வுசெய்தல், ஒவ்வொரு அளவுகோலுக்கும் பதில், புகைப்படம், ஆவணம், கட்டணம். வெண்கலத்தைத் தாள்களை வைத்தே சரிபார்க்கிறார்கள். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் மதிப்பீட்டாளர் தொழிற்சாலையையே பார்ப்பார். சான்றிதழ் 3 ஆண்டுக்குச் செல்லும். வெண்கலம் வாங்கிய பிறகுதான் வெள்ளி என்ற கட்டாயம் கிடையாது. தயாராக இருப்பவர் நேராக வெள்ளிக்கே போகலாம். போக வேண்டும் என்பதுதான் எங்கள் யோசனை.

சிக்குவது பெரும்பாலும் சின்ன இடங்களில். உத்யமில் பழைய கைபேசி எண் இருக்கும், அதை வைத்திருந்த கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போயிருப்பார், ஓடிபி அங்கே போகும். முதலில் உத்யமைத் திருத்திவிட்டு வந்தால்தான் மேலே நகரலாம். இரண்டாவது, தொழில் வகை. இத்திட்டம் உற்பத்தித் தொழிலுக்கானது. பதிவின்போது அவசரத்தில் 'சேவை' அல்லது 'வியாபாரம்' என்று குறித்திருந்தால் இங்கே தடுக்கும். ஜாப் ஒர்க் செய்பவர்களில் பலர் இப்படித்தான் மாட்டுகிறார்கள். மூன்றாவது, முகவரி. ஒரே உத்யம் எண்ணில் இரண்டு ஷெட் இருந்தால் எந்த ஷெட்டுக்குச் சான்றிதழ் என்பதைத் தெளிவாகத் தேர்ந்தெடுத்து, அந்த ஷெட்டின் படங்களை மட்டுமே ஏற்ற வேண்டும். இரண்டையும் கலந்தால் கேள்வி திரும்பி வரும்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தீயணைப்புச் சிலிண்டரைப் படம் எடுத்தால் போதாது, அதில் மறுநிரப்புத் தேதிச் சீட்டு தெரிய வேண்டும். இயந்திரத்தின் பெல்ட் மூடி, முதலுதவிப் பெட்டி, நடைபாதையின் மஞ்சள் கோடு, குறைபட்ட சரக்கைத் தனியாக வைக்கும் சிவப்புப் பெட்டி ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனிப் படம். ஷெட்டைத் தூரத்திலிருந்து எடுத்த ஒரு படம் எந்த அளவுகோலுக்கும் உதவாது.

வெண்கலத்துக்கு ஆலோசகரை வைத்துப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. மாவட்டத் தொழில் மையத்திலும், கிண்டியில் உள்ள மத்திய அரசின் தொழில் வளர்ச்சி அலுவலகத்திலும் வழிகாட்டுவார்கள். வெள்ளிக்கு வேண்டுமானால் ஆள் வைக்கலாம். சான்றிதழ் பெற்ற தொழிலுக்கு, அடுத்த நிலைக்கு உயர ஆலோசனைச் செலவாக 2 லட்சம் ரூபாய் வரையும், மாசுக் கட்டுப்பாட்டுக்கும் தூய தொழில்நுட்பத்துக்கும் 3 லட்சம் வரையும் உதவி உண்டு. பொருள் பரிசோதனைக்கும் தரச்சான்றுக்கும் ஆகும் செலவில் 75 சதவீதம், 50,000 ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். ஐஎஸ்ஐ முத்திரைக்கு அலைபவர்கள் இந்தக் கடைசி வரியைக் கவனிக்கவும்.

வெள்ளியில்தான் வேலை இருக்கிறது

ஆற்றல் நிர்வாகம் என்ற அளவுகோலுக்கு ஈபி பில் நகலை இணைத்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. ஒரு அலகு சரக்குக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கு வேண்டும், அது மாதாமாதம் எப்படிப் போகிறது என்பது வேண்டும், குறைக்க என்ன செய்தீர்கள் என்பது வேண்டும். கணக்கை எதால் வகுப்பது என்பதில்தான் பெரிய தப்பு நடக்கிறது.

ஃபவுண்டரியை எடுத்துக்கொள்வோம். மாதம் 10 டன் இரும்பு உருக்குகிறார்கள், டன்னுக்கு 600 யூனிட், ஆக 6,000 யூனிட். "எங்கள் உலை டன்னுக்கு 600" என்று எழுதிவிட்டு முடித்துவிடுவார்கள். ஆனால் ஊற்றிய 10 டன்னில் ரன்னர், ரைசர் (அச்சுக்குள் இரும்பு ஓடும் வழியிலும் ஊட்டும் குழியிலும் உறைந்து நிற்பவை) போக வார்ப்பாக நிற்பது 6 டன் என்றால், அதில் 8 சதவீதம் ரிஜெக்ட் என்றால், லாரி ஏறுவது 5.52 டன். 6,000ஐ இதால் வகுத்தால் டன்னுக்கு 1,087 யூனிட். ரிஜெக்டை 8லிருந்து 4 சதவீதமாகக் குறைத்தால் 5.76 டன் நல்ல வார்ப்பு, டன்னுக்கு 1,042 யூனிட். புதிதாக ஒரு இயந்திரமும் வாங்காமல் டன்னுக்கு 45 யூனிட் குறைந்துவிட்டது. குறையில்லாத பொருளும் கேடில்லாத சூழலும் ஒரே கணக்கில் சந்திக்கும் இடம் இது. இத்திட்டத்தை வடிவமைத்தவர்கள் இரண்டையும் ஒரே சான்றிதழில் கட்டியதற்கு இதைவிட நல்ல நியாயம் கிடையாது. அதனால் உருக்கியதால் வகுக்காமல், அனுப்பிய நல்ல சரக்கால் வகுங்கள்.

உலையிலேயே செய்ய வேண்டியவையும் எளியவைதான். ரன்னர், ரைசரை மணலோடு திரும்ப உலையில் போட்டால் மணலும் சேர்ந்து உருகிக் கசடாகும், அதற்கும் மின்சாரம் போகும். மணலைத் தட்டிவிட்டுப் போட வேண்டும். உருகிய இரும்பை மூடியில்லாமல் காத்திருக்க வைத்தால் வெப்பம் மேல்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். மோல்ட் தயாராவதற்குள் உருக்கி முடித்துவிட்டுக் காத்திருப்பது பல ஃபவுண்டரிகளில் அன்றாடம் நடக்கும் வீண்.

சுற்றுச்சூழல் நிர்வாகத்தில் மாசு எங்கிருந்து வருகிறது என்ற பட்டியல், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை, கழிவு போகும் வழி ஆகியவற்றைக் கேட்பார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016ல் மாசுக் குறியீட்டு மதிப்பெண் வைத்துத் தொழில்களை வகைப்படுத்தியது. மாசு அதிகமான சிவப்பில் தொடங்கி ஆரஞ்சு, பச்சை, மாசு மிகக் குறைந்த வெள்ளை வரை. வெள்ளை வகைக்கு இசைவாணை தேவையில்லை. மற்ற வகையினர் தங்கள் இசைவாணை காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் உற்பத்தி அளவு இன்றைய உற்பத்தியோடு ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம். இயந்திரங்களைக் கூட்டிவிட்டு இசைவாணையைப் பழைய அளவிலேயே விட்டிருப்பவர்கள் ஏராளம்.

வேஸ்ட் ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. 2016ம் ஆண்டு விதிகளின்படி பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது படிவம் 10 போட வேண்டும், வைத்திருந்த கணக்கைப் படிவம் 3ல் எழுத வேண்டும், ஆண்டறிக்கையைப் படிவம் 4ல் ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். பேரல் கணக்கில் வாங்கிப்போகும் வியாபாரி நல்ல விலை தருவார், தாள் தரமாட்டார். மதிப்பீட்டாளர் கேட்பது தாளைத்தான். அந்த எண்ணெய் கடைசியில் எந்தச் செங்கல் சூளையில் எரியும் என்பதும் யாருக்கும் தெரியாமல் போகும்.

மின்தணிக்கை: மாநில அரசின் 'பீஸ்' திட்டம்

தமிழ்நாட்டில் இருக்கும் தொழிலுக்கு இங்கேதான் கை நிறையக் கிடைக்கும். மின்தணிக்கைச் செலவில் 75 சதவீதம், ஒரு தணிக்கைக்கு 1 லட்சம் ரூபாய் வரை, மாநில அரசு திருப்பித் தருகிறது. தணிக்கையில் சொன்னபடி மாற்றிய தகுதியான இயந்திரங்களுக்கு 25 சதவீத மானியம். விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாக.

'திருப்பித் தருகிறது' என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் கைக்காசைப் போட்டுச் செய்ய வேண்டும், ரசீதுகளோடு கேட்க வேண்டும், பிறகுதான் வரும். மாதக் கடைசியில் சம்பளத்துக்கே புரட்டும் குறுந்தொழிலுக்கு இதுதான் முட்டுக்கட்டை. பெரிய தணிக்கை அறிக்கையை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியம் கிடையாது, கையில் காசு இல்லை. அதனால் வரிசையை இப்படி வைத்துக்கொள்வது நல்லது: செலவில்லாத வேலைகள் முதலில், அவற்றில் மிச்சமான பணத்தில் அடுத்தது.

செலவில்லாததில் முதலிடம் கம்ப்ரஸருக்கு. காற்றுக் கசிவை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஷிப்ட் முடிந்து எல்லா இயந்திரமும் நின்ற பிறகு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோதும் அது லோடாகும் (காற்றை அழுத்தும்), அன்லோடாகும் (அழுத்தாமல் சும்மா ஓடும்). லோடில் ஓடும் நேரத்தையும் அன்லோடு நேரத்தையும் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே முறை பார்த்தால் போதாது, நாலைந்து சுற்று எடுத்துச் சராசரி போடுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் வருவதுதான் கசிவு. லோடு 2 நிமிடம், அன்லோடு 4 நிமிடம் என்றால் மூன்றில் ஒரு பங்கு காற்று வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது. 22 கிலோவாட் கம்ப்ரஸர் என்றால் சுமார் 7.3 கிலோவாட். நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 21,900 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 1.75 லட்சம் ரூபாய்.

கசிவு எங்கே? பெரிய பைப்பில் இருப்பது குறைவு. குவிக் கப்ளிங், ஹோஸ் கிளாம்ப், ஃபில்டர் யூனிட்டின் வடிகால், டிரெய்ன் வால்வு, யாரும் பயன்படுத்தாமல் விட்டுவிட்ட பழைய லைன், இங்கேதான். சோப்பு நீரும் தூரிகையும் போதும். கசிவை 10 சதவீதத்துக்குள் கொண்டுவருவது எட்டக்கூடிய இலக்கு. ஆனால் ஒருமுறை அடைத்துவிட்டு மறந்தால் ஆறு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமைப் பராமரிப்புப் பட்டியலில் இதை எழுதி ஒட்ட வேண்டும். அழுத்தத்தையும் பாருங்கள். தேவை 5.5 பார் என்று இருக்கும்போது 7.5ல் வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. 1 பார் குறைத்தால் கம்ப்ரஸர் மின்சாரத்தில் 6 முதல் 7 சதவீதம் குறையும், அழுத்தம் குறைவதால் கசிவும் தானாகக் குறையும்.

மோட்டாரில் எதிர்ப் பக்கமாகத் தவறு நடக்கிறது. மானியம் கிடைக்கிறதே என்று ஓடிக்கொண்டிருக்கும் நல்ல மோட்டாரைக் கழற்றிவிட்டு ஐஇ3 வாங்குகிறார்கள் (ஐஇ என்பது மோட்டாரின் மின்திறன் தர வகை, எண் கூடினால் திறன் கூடும்). 11 கிலோவாட் மோட்டாரில் ஐஇ2வின் திறன் 89.8 சதவீதம், ஐஇ3 91.4. முழு லோடில் வித்தியாசம் ஏறக்குறைய 0.21 கிலோவாட். ஆண்டுக்கு 3,600 மணி நேரம் ஓடினால் 770 யூனிட், 6,000 ரூபாய்ச் சொச்சம். மானியம் போனாலும் போட்ட பணம் திரும்ப வெகு காலமாகும். அதே இடத்தில் மூன்று முறை காயில் கட்டிய பழைய மோட்டார் 84 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தால் கதையே வேறு. வித்தியாசம் 1.06 கிலோவாட், ஆண்டுக்கு 3,800 யூனிட், 30,000 ரூபாய். எனவே நல்லதை ஓட விடுங்கள், எரிந்தால் காயில் கட்டாமல் ஐஇ3 போடுங்கள், பலமுறை கட்டியதை இப்போதே மாற்றுங்கள். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாத தணிக்கை அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம்.

சாயப்பட்டறை, உணவுத் தொழில் போன்ற பாய்லர் உள்ள இடங்களில் கண்டன்சேட் நீரை (நீராவி குளிர்ந்து நீரானது) திரும்பப் பிடிப்பதற்கு ஈடு இல்லை. பாய்லருக்குள் போகும் நீர் 6 டிகிரி சூடானால் எரிபொருள் 1 சதவீதம் குறையும். 30 டிகிரியில் போவதை 80க்குக் கொண்டுவந்தால் 8 சதவீதம். புகைபோக்கியில் வெப்பம் 22 டிகிரி குறைந்தால் இன்னொரு 1 சதவீதம்.

இயந்திரமே மாற்ற வேண்டும் என்றால்

இங்கே வட்டி மானியங்கள் வருகின்றன. மத்திய ஆற்றல் திறன் அமைப்பு 2025 ஜூலையில் தொடங்கிய 'அடீட்டி' திட்டத்தில் குறு, சிறு தொழில்களுக்கு வட்டியில் 5 சதவீதமும் நடுத்தரத் தொழிலுக்கு 3 சதவீதமும் மானியம். ஒதுக்கீடு 1,000 கோடி ரூபாய். ஃபவுண்டரி, ஜவுளி, தோல், செங்கல், காகிதம், உணவுப் பதப்படுத்துதல், மீன் என 14 துறைகள் உள்ளே வருகின்றன. முதலில் 60 தொழில் திரள்கள். குறைந்தது 10 சதவீதம் ஆற்றல் மிச்சமாக வேண்டும் என்பது நிபந்தனை, அதை அளந்து காட்ட வேண்டும். எங்களுக்கு இத்திட்டத்தில் மிகவும் பிடித்தது இந்த நிபந்தனைதான்.

சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி வழியாக வரும் 'கிஃப்ட்' திட்டம் பசுமை முதலீட்டுக்கு 2 கோடி வரையான கடனுக்கு 2 சதவீத வட்டி மானியம், 5 ஆண்டு வரை. கடனுக்கு உத்தரவாதமும் சேர்ந்து வருவதால் அடமானம் இல்லாத குறுந்தொழிலுக்கு வட்டிச் சலுகையைவிட அது பெரிது.

எந்த வட்டி மானியமாக இருந்தாலும் ஒரு விதி பொது: இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்து, பில் போட்ட பிறகு திட்டத்தைத் தேடினால் பெரும்பாலும் கதவு அடைத்திருக்கும். கொட்டேஷன், தணிக்கை, கடன் விண்ணப்பம், அதன்பிறகு ஆர்டர் என்ற வரிசையில் போக வேண்டும்.

ஊக்கம் மட்டும் போதுமா

ஜெட்டை எடைபோடும்போது திருப்பூரை மறக்க முடியாது. நொய்யலில் சாயக்கழிவு போவதைத் தடுக்க 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்றது. நிறைவேறாமல் இழுபட்டு, 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நீதிமன்றம். அதன்பிறகு தமிழ்நாடு அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் கொடுத்தது. சவ்வு வடிகட்டிகளில் நல்ல நீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்கியோ, சுத்தம்செய்து மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தியோ, வெளியே எதையும் விடாத முறை அங்கே நிலைபெற்றது. செலவு கடுமையானது, பல சிறு பட்டறைகள் திரும்பத் திறக்கவே இல்லை. அந்த வலியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் தடையும் கடனும் சேர்ந்து வந்தபோதுதான் தொழில்நுட்பம் வேரூன்றியது என்பது கண் முன்னால் உள்ள உண்மை. முன்பே, மூடுவதற்கு முன்பே, அந்தக் கடன் வந்திருந்தால் எத்தனை பட்டறை பிழைத்திருக்கும் என்ற கேள்வியும் நிற்கிறது.

பெரிய ஆலைகளுக்கான 'பேட்' திட்டம் இன்னொரு வழியைக் காட்டியது. 2012 முதல் 2015 வரையான முதல் சுற்றில் 8 துறைகளைச் சேர்ந்த 478 ஆலைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆற்றல் இலக்கு கொடுத்தார்கள். இலக்கைத் தாண்டியவர் சான்றிதழ் பெற்று விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும். மிச்சமான ஆற்றல், 66.9 லட்சம் டன் எண்ணெய்க்கு ஈடான இலக்கைத் தாண்டி 86.7 லட்சம் டன்னாக வந்தது. அங்கே சான்றிதழ் என்பது அளந்த எண். ஜெட் சான்றிதழ் முறை இருப்பதற்கான சான்று, எவ்வளவு குறைந்தது என்பதற்கான சான்று கிடையாது. வாங்கும் கம்பெனிகள் இந்த வித்தியாசத்தை அறிந்துகொண்டு, "ஜெட் இருக்கிறதா" என்பதோடு "கிலோவுக்கு எத்தனை யூனிட்" என்றும் கேட்டால் சான்றிதழின் மதிப்பு தானாக உயரும்.

யாருக்கு எது

ஐந்தாறு பேர் வேலைசெய்யும் லேத் பட்டறை: வெண்கலத்தை ஒரு வார மாலைநேர வேலையில் முடித்துவிட்டு, கம்ப்ரஸர் கசிவையும் வேஸ்ட் ஆயில் தாளையும் அதே மாதத்தில் சரிசெய்யுங்கள். மின்தணிக்கை உங்களுக்கு இப்போதைக்கு அவசரமில்லை.

ஃபவுண்டரி, சாயப்பட்டறை, ஃபோர்ஜிங், பாய்லர் வைத்திருக்கும் யாராக இருந்தாலும்: முதலில் மின்தணிக்கை, அதன் எண்களை வைத்து நேராக வெள்ளி. தணிக்கை அறிக்கையே வெள்ளியின் ஆற்றல் அளவுகோலுக்குப் பாதி பதில். தங்கத்துக்கு அவசரம் வேண்டாம். சப்ளையர் நிர்வாகம், இடர் நிர்வாகம் எல்லாம் கேட்கும் அந்தப் படி, ஏற்றுமதி செய்பவர்களுக்கும் பெரிய வாகனக் கம்பெனிகளுக்கு நேரடியாகச் சரக்கு கொடுப்பவர்களுக்கும்தான் இப்போதைக்குப் பயன்.

எந்தப் படிக்குப் போனாலும், விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். ஈபி மீட்டர் ஷெட்டின் மொத்தத்தைத்தான் காட்டும். உலை, கம்ப்ரஸர், பம்ப் என்று அதிகம் இழுக்கும் இரண்டு மூன்று லைன்களுக்குத் தனித்தனி சப் மீட்டர் போட்டு, தினமும் ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் எண்ணை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்துப் பத்தியில் அன்றைய நல்ல சரக்கின் எடை. மாற்றம் செய்வதற்கு முந்தைய எண் கையில் இல்லாமல் கசிவை அடைத்துவிட்டால், எவ்வளவு குறைந்தது என்று மதிப்பீட்டாளருக்கும் வங்கிக்கும் காட்ட எதுவும் இருக்காது.